கிளமிடியா கூட்டணி

கிருமி என்று அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டியது அக்காதான். நுண்ணுயிரியல் படிக்கப்போகிறேன் என்று தங்கை வாயைத் திறந்த அன்றே சூட்டிவிட்டாள். பட்டம் வாங்கி, அதற்கு மேல் முனைவர் பட்டமும் வாங்கி, பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளராக ஆன பிறகும் வீட்டில் அவள் கிருமிதான். அந்தப் பெயர் எப்படியோ மருத்துவமனைக்குள்ளும் நுழைந்து ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக ஆய்வுக்கூடத்தில் அவள் சோறு போட்டு வளர்த்ததே ஒரு கிருமியைத்தானே.

அந்தக் கிருமிக்குக் கிளமிடியா என்று பெயர். உடலுறவு வழியாகப் பரவுவது. பெண்களிடம் பெரும்பாலும் மூச்சே காட்டாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உள்ளே குடியிருப்பதே தெரியாது. சத்தம் போடாமல் கருக்குழாயில் தழும்பை ஏற்றிவிட்டு, பிள்ளை ஏன் உண்டாகவில்லை என்று அந்தப் பெண்ணை வருஷக்கணக்கில் அலையவிடும். இத்தனைக்கும் கண்டுபிடித்துவிட்டால் ஒரு வார மாத்திரையில் கதை முடிந்தது. கண்டுபிடிப்பதுதான் பாடு.

ஆகவே இயக்குநர் ஒரு கூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். பல துறை ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் தானாக ஒற்றுமை பொங்கி வழியும் என்பது அவர் நம்பிக்கை. பழைய துணிக்கிடங்கு ஒன்றைக் காலி செய்து நான்கு மேசை போட்டுக் கொடுத்தார். ஒரு மேசை கிருமிக்கு. இன்னொன்று மகளிர் மருத்துவப் பிரிவின் தலைவிக்கு. எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா, குரலைக் கேட்டாலே நர்சுகள் நிமிர்ந்து நிற்பார்கள். மூன்றாவது, நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுகிற இளைஞனுக்கு. எதைக் கேட்டாலும் பலகையில் ஒரு வளைவான கோட்டை இழுப்பான் என்பதால் டாக்டரம்மா அவனுக்கு வளைகோடு என்று பெயர் வைத்தார். நான்காவது, சமூகவியல் படித்த ஒரு பெண்மணிக்கு. அவர் நாள் முழுக்கக் காத்திருப்போர் கூடத்தில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பெயர் கேள்வி.

ஒற்றுமை பொங்கவில்லை. முதல் சில வாரம் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவே இல்லை. ‘மாதிரி’ என்றால் கிருமிக்குக் குப்பியில் வருவது, வளைகோட்டுக்குக் கணக்கில் வருவது, கேள்விக்குப் பேச வருகிற மனிதர். ஒரு கூட்டம் முழுக்க மூன்று பேரும் மூன்று மாதிரியைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் டாக்டரம்மா மேசையைத் தட்டி டீ வரவழைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆராய்ச்சி என்னவோ எளிமையானதுதான். விருப்பப்பட்ட பெண்கள் வருவார்கள். தனியறையில் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். கிருமி இருந்தால் ஒரு அட்டை மாத்திரை, கணவரையும் அழைத்து வரச் சொல்லி ஒரு அறிவுரை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை.

ஆரம்பத்தில் ஆளே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கிருமி அந்தப் புலம்பலைப் புலம்பித் தீர்த்தாள். அக்கா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பிறகு எப்படியோ, கேள்வியின் பேச்சுத்திறமையால் என்று வைத்துக்கொள்ளலாம், பெண்கள் வரத் தொடங்கினார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த பெண்களில் நிறையப் பேருக்குக் கிருமி அப்படியே இருந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

அறை நான்காகப் பிளந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி வந்துவிட்டது, ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடிக்காமல் கோட்டைவிட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. கிருமிக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, மருந்து ஊற்றிப் பார்த்தாள். சொல்லி வைத்த மாதிரி எல்லாம் செத்தன. கிண்ணத்தில் சாகிறது உடம்பில் ஏன் சாகவில்லை, உங்கள் பிரிவில் சரியான மாத்திரையைத்தான் கொடுக்கிறார்களா என்று இவள் திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் வளைகோடு வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவனோ கணவன்மாரிடமிருந்து திரும்பத் தொற்றுகிறது என்று வைத்துப் பார்த்தான். அப்படி வைத்தாலும் கோடு திரும்பி வந்த பெண்களின் எண்ணிக்கை அளவுக்கு மேலே ஏறவில்லை. இன்னும் ஏதோ ஒன்று சேர வேண்டும், அது என்னவென்று தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தான். மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு எல்லாப் பெண்களும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்வி சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அந்த ஆமாம் மேல் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இந்த நிலையில்தான் அக்கா அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தாள். அக்காவுக்குத் தொழிலே அதுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. ஊரில் பாதிப் பேரின் கையும் காலும் அவள் திட்டித் திட்டிப் பழகியவை. சொந்தத் தங்கை மட்டும் இத்தனை வயதுவரை ஸ்டியரிங்கைத் தொடாமல் தப்பித்துக்கொண்டிருந்தது அவளுக்கு மானப்பிரச்சினை. ஒரு விடுமுறை நாள் காலையில் பயிற்சிக் காரை வாசலில் நிறுத்தி, ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் கிருமி ஏறி உட்கார்ந்தாள்.

அகலமான சாலைக்கு வந்து, கார் ஒருவாறு நேராகப் போகத் தொடங்கியதும், அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேச்சை எடுத்தாள்.

“உன் ஆராய்ச்சில நானும் இருக்கேன்டி.”

“எந்த ஆராய்ச்சில?”

“அதான், ஆள் வரலன்னு அன்னிக்கு உசிரை எடுத்தியே. சரி, தங்கச்சிக்கு ஒரு தலை கூடட்டுமேன்னு போய்க் குடுத்துட்டு வந்தேன். இருக்குன்னுட்டாங்க.”

கிருமியின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு ஒதுங்கிப் போனது.

“முதல்ல ஓரங்கட்டு,” என்றாள் அக்கா. “இண்டிகேட்டர் போடு. கண்ணாடியைப் பாரு. எத்தனை தடவ சொல்றது?”

ஓரங்கட்டினார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து தங்கையிடம் நீட்டிவிட்டு, யாரோ பக்கத்து வீட்டுக்காரி கதை போல நடந்ததைச் சொன்னாள். கணவரிடம் மறைக்கவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். இரண்டு பேருக்குமே இது இரண்டாவது கல்யாணம். இன்னும் புதுமோகம் போகாத கல்யாணம். சரி, நானும் போய்க் காட்டுகிறேன் என்று மறுநாளே கிளம்பியிருக்கிறார். மகளிர் பிரிவு வாசலில் இருந்த காவலாளி, ஆம்பளைங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறான். என்ன வேலை என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டார். அடுத்த தடவை வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடும் கருவிப்பெட்டியோடும் போனார். இந்த முறை காவலாளி சலாம் போடாத குறையாக உள்ளே விட்டான். ஒரு நர்ஸ் ஓடிவந்து, எவ்வளவு நாளாகச் சொல்லியனுப்பினோம், இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கடிந்துகொண்டு நேராக லிஃப்டுக்கு அழைத்துப் போனாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டாரு.”

கிருமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்காவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அக்காவின் முகம் மாறியிருந்தது.

“போன வாரம் மறுபடியும் டெஸ்ட். இன்னும் இருக்காம்.”

“மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டியா?”

“சாப்பிட்டோமே.”

கிருமி பாட்டிலை மூடினாள். “சாப்பிட்டோம்னா?”

“அவருக்குத்தான் குடுக்கலியே. ஒரு அட்டைய ரெண்டா வெட்டி, பாதி அவருக்கு, பாதி எனக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானே? தப்பா?”

துணிக்கிடங்கில் நான்கு மேதாவிகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், ‘சாப்பிட்டோம்’ என்பதன் கடைசியில் வருகிற ஒரு ‘ஓம்’ மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள், ஆமாம் என்றார்கள். பொய்யே இல்லை. எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா இன்னும் இரண்டு விஷயம் கேட்டாள். இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உன் மெஷினில் பார்த்துச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. முடியாது, வருஷக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது, அக்காவின் முதல் கல்யாணத்திலிருந்தும் வந்திருக்கலாம், அவருடையதிலிருந்தும் வந்திருக்கலாம் என்று கிருமி விளக்கினாள். அக்கா பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சரி போகட்டும். யார் வீட்டு விருந்தாளியோ. அனுப்பி வைக்கிற வழியப் பாப்போம்.”

இரண்டாவது, குழாய் கெட்டுப்போயிருக்குமா என்பது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது கிருமிக்குத் தெரியும். எத்தனையோ மேடைகளில் படம் போட்டு, தண்ணி பட்ட பாடாகச் சொன்ன பதில் அது. இப்போது பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும் என்று மட்டும் சொன்னாள். அக்கா தலையசைத்தாள்.

“ஆபீஸ்ல என் பேரை இழுக்காத. அவரு பேரையும்தான். லிஃப்ட் கதைய நீ சொன்னீன்னா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும், வாயத் தொறக்கக் கூடாது. சரி, வண்டிய எடு.”

மறுநாள் கிருமியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பதில் நாக்கு நுனியில் நிற்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்லக் கூடாது. போதாக்குறைக்கு, தன் அக்காவின் மாதிரி தன் கையிலேயே வந்து போயிருக்கிறது; எந்த எண் என்று தெரியாவிட்டாலும் அதை மறைத்து வைப்பது முறையில்லை என்று மனசு உறுத்தியது. கடைசியில் கேள்வியைத் தனியாக அழைத்து, எனக்கு வேண்டியவர் ஒருவர் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். கேள்வி யார் என்று கேட்கவில்லை. அவர் எதையும் கேட்காமல் விட்டதைக் கிருமி பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவிடம் போனில் சம்மதம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சியை மேற்பார்க்கிற நெறிமுறைக் குழுத் தலைவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றும், அடுத்த மாதிரிகளை உதவியாளரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றும் இருவரும் பேசி முடித்தார்கள். அப்படியே செய்தார்கள்.

பிறகு கூட்டத்தில் கிருமி மெதுவாகத் தொடங்கினாள். பெண்களிடம் ‘எத்தனை பேர் சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டுப் பார்க்கலாமே என்றாள். நடுவழியில் கேட்கிற கேள்வியை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும் என்று வளைகோடு ஆட்சேபித்தான். டாக்டரம்மாவுக்கு அதைவிட ரோஷம். கணவரை அழைத்து வரச் சொல்லித் தன் வாயாலேயே சொல்லியிருக்கும்போது மாத்திரையை ஏன் பங்கு போடப்போகிறார்கள் என்றார். வராத கணவன்மாருக்குத் தான் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டார்.

“வந்தா உள்ள விடுவாங்களா டாக்டரம்மா?” என்று மட்டும் கேட்டாள் கிருமி.

அந்த வாசல் வழியாக டாக்டரம்மா ஆயிரம் தடவை நுழைந்திருக்கிறார், ஒரு தடவைகூட ஆணாக நுழைந்ததில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். இருந்த ஒரே ஆண் வளைகோடு.

“தம்பி, அந்த அடையாள அட்டையக் கழட்டு.”

அவன் மறுத்துப் பார்த்தான். தான் கோட்பாட்டுத் துறை, களப்பணிக்கு வந்தவனல்ல என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்வாசல் வழியாக அவனைத் தெருவில் இறக்கிவிட்டு, மற்ற மூன்று பேரும் மாடி ஜன்னலில் வரிசையாக நின்றுகொண்டார்கள். அவன் வாசலுக்குப் போனான். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். வளைகோடு ஏதோ முணுமுணுத்தான். காவலாளி காதைக் கொடுத்து, சத்தமாகச் சொல்லும்படி கேட்டான். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், வளைகோடு சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கக் கடைக்கே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தைரியம் திரட்டிக்கொண்டு இன்னொரு முறை வந்தான். இந்தத் தடவை கையை நீட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டான்.

அறைக்கு வந்தபோது அவன் காதுகள் சிவந்திருந்தன. கணவர்கள் வருவார்கள் என்று தன் கணக்கில் போட்டிருந்த எண்ணைப் பலகையிலிருந்து அழித்து, அங்கே பூஜ்யம் போட்டான். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா, புருஷன் வரலியேன்னு அந்தப் பொண்ணுங்களத் திட்டியிருக்கேன்,” என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கேள்வி புதுக்கேள்வியோடு கூடத்துக்குப் போனார். முதலில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அடுத்து எல்லாரும் பேசினார்கள். பாதிப்பாதி போட்டவர்கள் இருந்தார்கள். அவர்தான் வேலைக்குப் போகிற ஆள் என்று முழு அட்டையையும் கணவருக்குக் கொடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்ததாக ஒருத்தி சொன்னபோது கூடமே சிரித்தது. கிருமி தன் கிண்ணங்களில் பாதி நாளில் மருந்தை நிறுத்திப் பார்த்தாள். கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அந்தக் கொஞ்சம் மறுபடி பெருகியது. இதையெல்லாம் வளைகோடு தன் கணக்கில் போட்டதும், அத்தனை மாதமாக முரண்டு பிடித்த கோடு ஏறி, திரும்பி வந்த பெண்களின் எண்ணிக்கை மேல் பதவிசாகப் போய்ப் படுத்தது. அவன் பலகைக்கு முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டாக்டரம்மா அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கிருமிக்கும் ஒன்று. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளத் தொடங்கியது அந்த டீயிலிருந்துதான்.

இனி ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு அட்டை கொடுப்பது என்று கூட்டணி தீர்மானித்தது. பார்க்காத ஆளுக்கு எப்படி மருந்து கொடுப்பது, அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் யார் பொறுப்பு என்று நெறிமுறைக் குழு நோண்டி நோண்டிக் கேட்டது. அதுவும் நியாயம்தான். டாக்டரம்மா விடவில்லை. முடிவில் பக்கவாட்டில் மூடிக் கிடந்த ஒரு கதவைத் திறந்து, ஆண்களுக்கென்று சாயங்கால நேரத்தில் ஒரு சின்ன அறை போட்டார்கள். வர முடிகிறவர்கள் வரட்டும், வராதவர்களுக்குச் சில கேள்விகள் கேட்டுவிட்டு மனைவி கையில் கொடுத்தனுப்பலாம் என்று ஏற்பாடு. வாசலில் என்ன பலகை மாட்டுவது என்று நான்கு துறையும் ஒரு நாள் முழுக்க அடித்துக்கொண்டு, எந்தப் பலகையும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதுதான் ஆண்களுக்குப் பிடித்தது.

அக்காவின் கணவர் இரண்டாம் நாளே வந்தார். நடைபாதையில் கிருமியும் அவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“வாங்க மாமா,” என்றாள் அவள், வீட்டு வாசலில் நிற்பது போல. சொன்ன பிறகுதான் அபத்தம் உறைத்தது.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, அதிசயமாக, அவரே பேசினார். “உங்க அக்கா பயந்து போயிருக்கா. எங்கிட்ட காட்டிக்க மாட்டேங்குறா. நீ அப்பப்ப வந்துட்டுப் போம்மா.”

அவள் போனாள். கார் ஓட்டப் பழகுகிற சாக்கில் வாரம் தவறாமல் போனாள். அக்கா பயம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. கியர் மாற்றுகிற இடத்தில் திட்டினாள், வளைவில் திட்டினாள். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு முழு அட்டை சாப்பிட்டு முடித்தார்கள். அடுத்த சோதனையில் அக்கா சுத்தம். குழாய்ப் பரிசோதனையை டாக்டரம்மாவே செய்தார். அக்கா சொன்னபடி கிருமி வெளியே காத்திருக்க, கணவர்தான் கூடப் போனார். புதிய ஏற்பாட்டில் அதற்கும் இடம் இருந்தது.

வெளியே வந்த அக்கா கைப்பையைத் தங்கை மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு பக்கம் அடைப்பாம். இன்னொரு பக்கம் நல்லா இருக்காம். அது ஒண்ணு போதும்ங்கறாங்க டாக்டர்.”

“போதும்க்கா. நிஜமாவே போதும்.”

“நீ சொல்றது தங்கச்சியாவா, கிருமியாவா?”

“ரெண்டும்தான்.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், அப்புறம் துடைப்பதை நிறுத்திவிட்டு நன்றாகவே அழுதாள். கிருமிக்குப் புள்ளிவிவரம் ஒன்று வாய்வரை வந்தது. கேள்வி அன்றைக்கு யார் என்று கேட்காமல் விட்டதை நினைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவர் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்து, தன் கோப்பையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள்.